ஜம்புலிங்கனாரின் பூட்டும் ஆறு மைக்ராஸ்கோப்புகளும்

பூட்டுக்குப் புகழ் சேர்த்த பெருந்தகையே! சாவிக்கொத்துச் சக்கரவர்த்தியே! போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதி எங்களுக்குத் தந்த திருவிளக்கே! எங்கள் பள்ளியின் ஸ்டோர் கீப்பர், உயர்திரு ஜம்புலிங்கனார் அவர்களே!

உப்புக்காற்றுக்கு உதிராத இரும்பும் அடைமழைக்கு ஒழுகாத கூரையும் இத்தீவுகளில் இல்லை; ஆயினும், தங்கள் ஸ்டோரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு சோதனைக் குழாய்கூட உடைந்ததில்லை என்பது உலக வரலாறு காணாத உண்மை! எந்தக் குழாயும் வெளியே வந்ததில்லை என்பது வேறு செய்தி.

பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்கள் கதையைத் தங்கள் முகத்துக்கு நேரே சொல்வது முறையன்று. சபையோரைப் பார்த்துச் சொல்கிறோம், தாங்களும் கேட்டருள்க.

சென்ற ஆண்டு, அறிவியல் கருவிகள் செய்யும் சென்னைக் கம்பெனி ஒன்று, தீவுப் பிள்ளைகளும் விஞ்ஞானம் கற்கட்டும் என்று ஆறு மைக்ராஸ்கோப்புகளை இலவசமாகக் கப்பலேற்றியது. ஐயா அவற்றைத் துறைமுகத்திலிருந்து பச்சைக் குழந்தைகளைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார், துணி சுற்றினார், பூட்டினார், பூட்டை இழுத்தும் பார்த்தார்.

அறிவியல் ஆசிரியர் ஜெய்னுதீன் மன்றாடினார். "அண்ணே, பூட்டியே வெச்சா பூஞ்சை பிடிச்சிரும். அப்பப்போ வெயில்ல வைக்கணும், பசங்க கை படணும்."

"அரே மாஸ்டர்ஜி, வெயில்ல வைக்க இது என்ன அப்பளமா?" என்றார் ஐயா. "பசங்க தொட்டா ஒரே நாள்ல கராப். என் பூட்டுக்குள்ள இருந்தா நூறு வருசத்துக்கும் புதுசு."

அன்றுமுதல் ஜெய்னுதீனை 'அப்பள மாஸ்டர்' என்றே வாயார அழைத்தும் வந்தார்.

மழை எட்டு மாதம் பெய்தது. பிறகு கம்பெனியின் கடிதம் வந்தது. அடுத்த ஜகாஜில், அதாவது கப்பலில், கம்பெனிப் பிரதிநிதி வருவார். பிள்ளைகள் கருவிகளைக் கையாளக் கண்டால் தெற்குத் தீவிலுள்ள ஹட் பே பள்ளிக்கும் ஆறு அனுப்புவோம். காணாவிட்டால் இந்த ஆறும் சென்னைக்கே திரும்பும் என்றது கடிதம்.

கப்பலுக்கு ஒன்பது நாள் இருக்கையில் பூட்டு திறந்தது. எட்டாம் வகுப்பு விசாலாட்சி முதல் ஆளாகக் கண்ணை வைத்தாள்.

"ஐயோ சார், எவ்ளோ அழகு! கிளை கிளையா, மரம் மாதிரி தெரியுது!"

"நான் இன்னும் அடியில எதையுமே வைக்கலையேம்மா" என்றார் ஜெய்னுதீன்.

ஆறிலும் அதே பூஞ்சை மரம்தான். ஹட் பே பிள்ளைகளின் ஆறு கருவிகளும் தம் ஒற்றைச் சாவியில் தொங்குவதை ஐயா அப்போதுதான் கண்டார் போலும். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக அச்சாவிக்கொத்து குலுங்காமல் இருந்தது.

ஜெய்னுதீன் ஸ்பிரிட்டும் பஞ்சுமாக உட்கார்ந்து துடைத்தார்; வெயிலில் வைத்தார்; மறுபடி துடைத்தார். நான்கு தேறின. இரண்டு தேறவில்லை.

பிரதிநிதி வந்தார். விசாலாட்சி வெங்காயத் தோலை உரித்து வைத்து, அவரையே பார்க்கச் சொன்னாள். பார்த்து மகிழ்ந்தவர், மூலையிலிருந்த இரண்டையும் பார்த்துவிட்டார். "இது ரெண்டும்? பசங்க கைபட்டுக் கெட்டுதா?"

மாஸ்டர் வாயைத் திறக்குமுன் ஐயா முன்னால் வந்தார்.

"இல்ல சார். யாரும் தொடல. நான் பூட்டி வெச்சே கெடுத்தேன்."

இருபத்திரண்டு ஆண்டுச் சாதனை அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. பிரதிநிதி ஏதோ எழுதிக்கொண்டார். ஹட் பேக்கான ஆறும், கப்பலின் அடித்தளத்து ஈரத்தோடு, நேற்று எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. நாளை அவை மறுகப்பல் ஏறும்.

பெருந்தகையீர்! ஐம்பத்தெட்டில் பணி ஓயலாம். தங்கள் முழங்கால் ஓயாதிருக்கட்டும், மூச்சு முட்டாதிருக்கட்டும், கண்ணாடியின்றிப் பத்திரிகை படிக்கும் பார்வை பல்லாண்டு பழுதுறாதிருக்கட்டும்!

இம்மடலை எழுதி முடிக்கும் இக்காலையில் மாலையோடு தங்களைத் தேடினோம். நாற்காலியில் தாங்கள் இல்லை. ஸ்டோர் திறந்து கிடக்க, பூட்டு ஆணியில் தொங்கியது. ஜன்னல் வழியே பார்த்தோம். முற்றத்தில் பாய் விரித்து, ஹட் பேக்கான ஆறு மைக்ராஸ்கோப்புகள். கோழி விரட்டக் குடையோடு பக்கத்தில் தாங்கள். வேப்பமர நிழல் நெருங்க நெருங்க, ஒவ்வொன்றாக இரு கையாலும் ஏந்தி வெயிலுக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இங்ஙனம்,
அப்பள மாஸ்டர் உள்ளிட்ட ஆசிரியர்களும் அலுவலர்களும்
போர்ட் பிளேர், 31 ஜனவரி 1975