எலிக்குட்டியின் உதடு

திருநகரில் ஏறிய பேருந்தில், என் முன் இருக்கையில் ஓர் அம்மாவும் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நெசமாவே எலிக்குட்டி உதட்டப் பாக்கத்தான் தெனம் இம்புட்டு நேரமாகுதா?”

“ஆமாம்மா. உதட்டுக்கு உள்பக்கத் தோல்ல இருந்து மொட்டு மாதிரி ஒண்ணு உள்ள இறங்கும். அது கிளை விட்டு, நடுவுல குழாய் விழுந்தாத்தான் எச்சில் சுரப்பியாகும். அது எம்புட்டு வளந்திருக்குன்னு நாங்க மைக்ராஸ்கோப்ல பாப்போம்.”

அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

“எலிய நம்புறேன். அந்த ‘நாங்க’ யாரு?”

“லேப்ல கூடப் படிக்கிறவங்கம்மா.”

“எத்தன பேரு?”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருப்பரங்குன்றத்தில் கூட்டம் ஏறியது.

“ஒருத்தர்தான்மா.”

“நாளைக்கு நானும் லேப்புக்கு வாரேன்” என்றாள் அம்மா.