நான் ஊரில் இல்லாத வாரம்

இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கிறது. தொயாமாவுக்கு வந்த புதிதில் யார் என்ன கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர் பிடித்திருக்கிறதா என்றால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. தனியாக இருக்கச் சிரமமில்லையா என்றால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. பொய் கலக்காமல் சொல்ல வேறொன்றும் கையில் இல்லை. நீங்கள் கொடுத்த தேநீரும் நன்றாக இருக்கிறது, ஐயா. ஆற அமரக் குடித்துவிட்டே சொல்கிறேன்.

யோகோஹாமாவில் எனக்கு வேலை, மருந்துப் பட்டைகளில் மாத்திரைகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. போன வசந்தத்தில் மேலாளர் கூப்பிட்டார். "மினாகவா, உனக்குப் புருஷன் புள்ளைன்னு எதுவும் இல்லையே. தொயாமா தொழிற்சாலைக்குப் போறியா?" என்றார். கேட்ட விதம் கேள்வி மாதிரிதான் இருந்தது. அந்தக் கேள்விக்கு மாட்டேன் என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. குடும்பம் உள்ளவர்களை வேரோடு பிடுங்க முடியாது, தனி ஆள் தொட்டிச் செடிதானே என்பது கம்பெனியின் எண்ணம். அதில் தப்பு சொல்ல முடியாது.

வீடு பிடித்துக் கொடுத்தவர் நிவா என்ற இளைஞர். இரண்டே மாடி, இரும்புப் படிக்கட்டு, வரிசையாக ஒற்றை அறைகள். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், என்னைப்போல் மாற்றலாகி வந்தவர்கள். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்து வணக்கம் சொல்ல நான் டவல்கள் வாங்கி வைத்திருந்தேன். நிவா பதறிவிட்டார்.

"அதெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்ல மேடம். பொண்ணு தனியா இருக்குன்னு நாமளே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். இன்னொண்ணு, சுவர் கொஞ்சம் மெல்லிசு. பக்கத்துல தட்டினாங்கன்னா உங்க சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு அர்த்தம். குறைச்சுக்குங்க. நேர்ல போயி மட்டும் பேசிடாதீங்க, பெரிய விஷயமாயிடும்."

நம் நாட்டில் சுவரில் தட்டுவது என்றால் அதுதான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டவல்களை அலமாரியில் வைத்தேன்.

தொழிற்சாலையில் எல்லோரும் நல்லவர்கள். ஐந்து மணிக்கு மேல் அவரவர் காரில் ஏறி அவரவர் குடும்பத்துக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். என் பிரிவின் மூத்தவர் எபாதா அக்கா மட்டும் திங்கட்கிழமைகளில், "லீவுல என்ன பண்ணின?" என்று கேட்பார். துணி துவைத்தேன் என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய்திறந்து பேசியது ஒரே வாக்கியம். கடைக்காரப் பையனிடம், "பை வேண்டாம்." கோடையில் அந்தக் கடையில் நாமே பணம் கட்டும் இயந்திரம் வைத்தார்கள், அதுவும் போயிற்று.

அம்மா கவலைப்படுவாள் என்று போனில் மூன்று தோழிகளை உண்டாக்கினேன். பிறகு அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஒருத்திக்குச் சளி பிடிக்க வைத்தேன், இன்னொருத்திக்கு நிச்சயதார்த்தமே நடத்தினேன். சிரிக்காதீர்கள், ஐயா. அவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் வந்துவிட்டது.

பக்கத்து அறை சுபோகாவா பெரியவரை நான் முதலில் சந்தித்தது குப்பை வைக்கும் இடத்தில். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மழையில் நனைந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து, "குடை எங்க? இந்த ஊர்ல சோத்துப் பெட்டிய மறந்தாலும் குடைய மறக்கக் கூடாது பாப்பா. உங்க ஊர்ல வானம் சொல்லிட்டு அழும். இங்க சொல்லாம கொள்ளாம அழும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளாயிற்று சிரித்து என்று நினைத்துக்கொண்டேன். குளிர் தொடங்கியதும் ஒருநாள், "முள்ளங்கி போட்டு மீன் வேகவச்சிருக்கேன். ஒரு கிண்ணம் தரட்டா?" என்றார்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன்.

முதல்முறை வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாம்முறை கேட்டால் வாங்கிக்கொள்ளலாம். அந்த இரண்டாம் முறைக்காகக் காத்திருந்தேன். அவரும் மரியாதைக்காரர், மறுபடி கேட்டு என்னைச் சங்கடப்படுத்தவில்லை. அதன்பின் அவர் அடுப்பில் மீன் வேகும் வாசனை வந்த நாட்களில் நான் சன்னலை மூடாமல் குளிரில் உட்கார்ந்திருப்பேன்.

வருடக் கடைசி விடுமுறை வந்தது. எபாதா அக்கா, "ஊருக்குத்தானே போற? அம்மா கையால சாப்பிட்டு ரெண்டு சுத்து பெருத்து வா. வர்றப்ப எங்களுக்குத் துறைமுகப் படம் போட்ட கேக் டப்பா. வெறுங்கையோட வந்தா கேட்டைப் பூட்டிடுவேன்" என்றார். போகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அம்மா போனில், "உன் சிநேகிதிங்களையும் கூட்டிட்டு வாயேன். வீடு சும்மாதானே கெடக்கு" என்றுவிட்டாள். இல்லாதவர்களை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? நாங்கள் நால்வரும் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறோம் என்று சொன்னேன். தொழிற்சாலைக்கு நான் யோகோஹாமாவில். அம்மாவுக்கு நான் வெந்நீர் ஊற்றில். ஊர் திரும்பியவள் தின்பண்டம் கொண்டுவராமல் இருக்க முடியாதே, அதனால் கேக் டப்பாக்களைத் தபாலில் முன்னாலேயே வரவழைத்துவிட்டேன். ஆக, அந்த வாரம் நான் எங்கேயும் இல்லை. கட்டடமும் காலியாகிவிட்டது. திரையை இழுத்துவிட்டு, காலில் தடித்த உறையைப் போட்டுக்கொண்டு, என் வீட்டில் நானே ஒளிந்திருந்தேன்.

விடுமுறையின் முதல் காலையில் சுவரில் தட்டல் கேட்டது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. டிவி சத்தம்தான் என்று அணைத்தேன். நிற்கவில்லை. துவைக்கும் இயந்திரத்தை நிறுத்தினேன். நிற்கவில்லை. வெட்கமாகிவிட்டது. இத்தனை மாதம் நல்ல பேர் எடுத்துவிட்டு கடைசியில் அவருக்குத் தொந்தரவாகிவிட்டேனே என்று மனசு குறுகியது. ஒரு கேக் டப்பாவைப் பையில் போட்டு, 'சத்தத்துக்கு மன்னிக்கவும்' என்று துண்டுச் சீட்டு வைத்து, பூனை மாதிரிப் போய் அவர் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். மணியை அடிக்கவில்லை. அடித்தால் நான் ஊரில் இருப்பது தெரிந்துவிடும் என்று தோன்றியது. சீட்டு வைத்தாலே தெரிந்துவிடும் என்பது அப்போது தோன்றவில்லை. பயந்தவள் புத்தி பாதிதான் வேலை செய்யும்.

அந்தப் பையைப் பற்றிக் கேட்கத்தான் என்னைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டீர்கள். ஊருக்குப் போகும் முன்னால் மாட்டினீர்களா என்று பதிலையும் நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அப்போதே அனுப்பியிருப்பீர்கள். ஆகவே பைக்காக நான் இதைச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பை அப்படியே தொங்கியது. தட்டலும் தொடர்ந்தது. அப்போதுதான் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். சத்தம் தோள் உயரத்தில் இல்லை. கீழே, என் கணுக்கால் உயரத்தில் இருந்தது. கோபப்படுகிற மனிதன் நின்றுகொண்டு தட்டுவான். தரையோடு தரையாகத் தட்டுகிறவன் விழுந்து கிடக்கிறவன்.

எப்போது புரிந்தது என்று கேட்டீர்களே. அப்போதே புரிந்துவிட்டது. அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

பதிலுக்கு ஒருமுறை தட்டினேன். எதற்கென்று கேட்டால், கேட்டது என்று தெரிவிக்கத்தான், வேறு எதற்கும் இல்லை. உடனே அந்தப் பக்கத்திலிருந்து தட்டல் வந்தது, படபடவென்று, நிற்காமல். அதை உங்களுக்கு எப்படிச் சொல்வது? இந்த ஊரில் யாரும் எனக்கு அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை. அவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னை எதிர்கொண்டதில்லை. சுவரோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு மறுபடி தட்டினேன். மறுபடி பதில் வந்தது.

மெத்தையைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். வருடக் கடைசி நாளில் எல்லோரும் சாப்பிடுகிற நூடுல்ஸை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிடும் முன் ஒரு தட்டு, முடித்து ஒரு தட்டு. அவருக்கு என் தோழிகளைப் பற்றிச் சொன்னேன், அவர்கள் இல்லை என்பதையும் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

இடையில் அவர் வாயால் கூப்பிடத் தொடங்கினார். தட்டல் வேறு, வார்த்தை வேறு. தட்டலை எப்படியும் எடுத்துக்கொள்ளலாம். 'யாராவது' என்று காதில் விழுந்துவிட்டால் அந்த யாராவது நான்தான் என்றாகிவிடும். ஆகவே டிவியைப் பெரிதாக வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவதை விட்டுவிட்டார். பழையபடி தட்டத் தொடங்கினார், நானும் தட்டினேன்.

போன் என் மடியிலேயே இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. மாட்டிக்கொள்வேன், யோகோஹாமா பொய் வெளுத்துவிடும் என்று பயந்தேன் என்று எழுதிக்கொள்ள விரும்புகிறீர்கள். எழுதிக்கொள்ளலாம், அந்தப் பயமும் இருந்தது. ஆனால் அது சின்னக் காரணம். நான் நினைத்தது இதுதான்: சொன்னால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இப்படி விழுந்து கிடந்த வயசானவரை யார் மாடி அறைக்குத் திரும்ப அனுப்புவார்கள்? உறவுக்காரர்கள் வேறெங்காவது கொண்டுபோய் வைப்பார்கள். நல்லபடியாக இருப்பார். எனக்கு மறுபடி வெறும் சுவர் இருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன்.

புத்தாண்டு ஓட்டப் பந்தயத்தை டிவியில் பார்த்தோம். பார்த்தோம் என்றுதான் வாயில் வருகிறது. ஓட்டக்காரர்கள் யோகோஹாமாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையைக் கடந்தார்கள். கொடி ஆட்டுகிற கூட்டத்தில் அம்மா நிற்கிறாளா என்று தேடினேன். "இதோ இதுதான் எங்க தெரு, தாத்தா" என்று சொல்லித் தட்டினேன். பதில் ஒன்று வந்தது, மெதுவாக, நகத்தால் கீறின மாதிரி. அதற்கப்புறம் வரவில்லை. தூங்குகிறார் என்று டிவியைக் குறைத்தேன்.

அவருடைய அண்ணன் மகள் வந்து அவர் கதவைத் திறந்தது இரண்டு நாள் கழித்து. அன்று காலையிலேயே பெட்டியை உருட்டிக்கொண்டு பனியில் இறங்கி, ரயில் நிலையம் வரை போய், ஊரிலிருந்து திரும்புகிறவர்களோடு நானும் திரும்பி வந்தேன். தொழிற்சாலை திறந்ததும் எபாதா அக்காவுக்கு டப்பா கொடுத்தேன். "குண்டாகவே இல்லையே, அம்மா பட்டினி போட்டாங்களா?" என்றார்.

பிறகு அண்ணன் மகள் என் கதவைத் தட்டினார். கையில் ஒரு பெட்டி இனிப்பு. இடுப்பு வரை குனிந்தார்.

"சித்தப்பாவால உங்களுக்கெல்லாம் ரொம்பத் தொந்தரவாயிடுச்சு. போலீஸு, வண்டின்னு ஒரே ரகளை. மன்னிச்சுக்குங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. எங்களுக்கு என்ன தொந்தரவு?" என்றேன்.

"இந்த வயசுல, அந்தக் குளிர்ல, அத்தன நாள் உயிரப் பிடிச்சுக்கிட்டு இருந்ததே ஆச்சரியம்னு டாக்டர் சொன்னாரு. கணப்பு மேசைப் போர்வைய இழுத்துப் போட்டுக்கிட்டு, உருண்டு விழுந்த ஆரஞ்சைத் தின்னுக்கிட்டு கெடந்திருக்காரு. விரல் முட்டியெல்லாம் கன்னிப்போயிருந்துச்சு. கட்டடமே காலி. பாவம், ஆளில்லாத சுவத்தைத் தட்டித் தட்டியே போயிருக்காரு."

இனிப்புப் பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். முதல்முறையே வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது, ஐயா. சாப்பிட முடியவில்லை. ஆளில்லாத சுவர் என்று அந்தப் பெண் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். அவர் கடைசி நாட்களை யாருமில்லாமல் கழித்தார் என்று ஈமச்சடங்கில் எல்லோரும் அழுவார்கள். அது உண்மையில்லை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், மறுக்கவில்லை. நான் கேட்டேன், எனக்குப் புரிந்தது, நான் யாரையும் கூப்பிடவில்லை, அவர் இறந்துபோனார். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தனியாகச் செத்தார் என்று மட்டும் எழுதாதீர்கள்.

நான் பதில் தட்டாமல் இருந்திருந்தால் அவர் சன்னல் வரை ஊர்ந்து போயிருப்பார், தெருவில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள் என்கிறீர்கள். யாரோ கேட்டுவிட்டார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்று நம்பித்தான் அந்த இடத்தைவிட்டு நகராமல் கிடந்திருக்கிறார் என்கிறீர்கள். உங்கள் குரல் ஏன் இப்படி ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் நம்பியது சரிதானே, ஐயா. நான் வந்துதானே இருந்தேன்.