எந்த ரோத்ஹார்ன்?

—வழிகாட்டி வில்லையைக் கழட்டி மேசைமேல வெச்சுட்டா ஆச்சா, ராசா?

—இனி நான் வழிகாட்டி இல்ல, அண்ணி. ஒருத்தனையும் மலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். மாதா மேல சத்தியம்.

—சத்தியம் கிடக்கட்டும். ரொட்டியைத் தின்னு. தின்னுக்கிட்டே சொல்லு, கோயில் வாசல்ல அம்ப்ரோஸ் மாமாகிட்ட என்ன சொன்னே?

—எத்தனை தடவை அண்ணி சொல்றது...

—காலையிலதான் புருஷனை மண்ணுல வெச்சிருக்கேன், லியாண்டர். கேட்டா சொல்லணும்.

—"செவெரின் அண்ணன் கால் ஒடிஞ்சு ரோத்ஹார்ன்ல கிடக்கான், ஓடுங்க"ன்னேன். அப்படியே மயங்கி விழுந்துட்டேன். கண்ணு முழிச்சப்போ மறுநாள் விடிஞ்சிருந்துச்சு.

—எந்த ரோத்ஹார்ன்?

—அண்ணி...

—வாயைத் திறந்து சொல்லு ராசா. அந்தப் பேர்ல ஊருக்குக் கிழக்கே ஒரு மலை, மேற்கே ஒரு மலை. எந்த ரோத்ஹார்ன்?

—மேற்கே. சினால் ரோத்ஹார்ன்.

—இந்த ஊர்ல வெறும் ரோத்ஹார்ன்னா எது?

—கிழக்கே இருக்கறது. மேல் ரோத்ஹார்ன்.

—ஆடு மேய்க்கற பொடிசு ஏறி இறங்கற மலை. பதினாலு ஆம்பளைங்க கயிறும் விளக்குமா அங்கே போய்ப் பொழுது சாயற வரைக்கும் தேடினாங்க. உங்கண்ணன் மேற்கே பனியில விறைச்சுக்கிட்டிருந்தாரு. ஒரே ஒரு சொல்லு. "சினால்". அதைச் சொன்னா உன் வாய் முத்து உதிர்ந்துடுமா?

—ஆறு வருஷம் சினால் பக்கத்துப் பள்ளத்தாக்குல வேலை பார்த்தேன், அண்ணி. அங்கே ரோத்ஹார்ன்னா ஒண்ணே ஒண்ணுதான். பழக்கதோஷம். மூச்சு வேற வாங்குச்சு.

—பழக்கதோஷம். பாவம்! கல்லறையில அதையே செதுக்கிடுவோமா?

—கொல்லாதீங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன், அண்ணனைக் கொன்னது நான்தான்னு.

—சொல்லு. சத்தமா சொல்லு. பின்வரிசைக்கும் கேக்கணும்.

—ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. மயக்கம் வர்றதுக்குள்ள மாமா சொன்னது காதுல விழுந்துச்சு. "எதுக்கும் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்"னாரு. அவர் வரலையா?

—வந்தாரு.

—இங்கேயா?

—நீ நிக்கற இடத்துலதான் நின்னாரு. நான் மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். எந்த ரோத்ஹார்ன்னு கேட்டாரு.

—உங்களுக்குத் தெரியாதா அண்ணி? அண்ணன் கிளம்பும்போது நீங்கதானே கம்பளி எடுத்துக் கொடுத்தீங்க. சினாலுக்குப் போறோம்னு சொல்லிட்டுத்தானே...

—தெரியும். "மேல் ரோத்ஹார்ன், மாமா"ன்னேன்.

—ஐயோ! மாமா ஏன் என்கிட்ட இதைச் சொல்லல?

—பொண்டாட்டி பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டான்னு பாவம் பார்த்திருப்பாரு. நல்ல மனுஷன்.

—ஏன் அண்ணி? ஏன்?

—என் இடது கால்ல எத்தனை விரல் இருக்குன்னு தெரியுமா உனக்கு?

—மூணு.

—மீதி ரெண்டு எங்கே போச்சு?

—போன கிறிஸ்துமஸ்ல... அண்ணன் குடிச்சுட்டு உங்களை வெளியே பனியில தள்ளி... தாழ்ப்பாள் போட்டு...

—நீ மாடியிலதானே படுத்திருந்தே? கதவைத் தட்டினது கேட்டுச்சா?

—...கேட்டுச்சு.

—என்ன பண்ணினே?

—போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கிட்டேன்.

—அன்னிக்கு நீ எழுந்து வந்து அந்தத் தாழ்ப்பாளை நீக்கியிருந்தா, ராசா, நான் மாமாகிட்ட சரியான மலையைச் சொல்லியிருப்பேன்.