கோப்பின் அடிப்பகுதி

பெரிய கோப்பை இலவச ஆபீஸ் மென்பொருளில் திறக்கப் பொறுமைதான் வேண்டும், மேடம். திரை வெளுத்துப்போகும். பதறிப்போய் நாலு தடவை தட்டினால் மொத்தமும் முடங்கிவிடும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி உட்காரத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஆய்வகத்திலிருந்து மாதாமாதம் ஒரே விரிதாளாக, எக்ஸெல் கோப்பு மாதிரி வரும். அதைத் திறந்து, மாற்று அறுவைப் பிரிவின் பழைய கணினிக்குப் புரிகிற பழைய வடிவில் சேமித்துக் கொடுப்பது என் வேலை. ஒரு சிறுநீரகம் வந்தால், அந்த மாத முடிவு இல்லாதவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

பழைய மாதங்களின் முடிவுகளும் அதிலேயே சேர்வதால் கோப்பு வருடா வருடம் பெருத்துக்கொண்டே வந்தது. பழைய வடிவில் ஒரு தாளுக்கு அறுபத்தைந்தாயிரம் சொச்சம் வரிசைதான் கொள்ளும். மிச்சத்தைச் சேமிக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்து சொல்லும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பெட்டியை மூடி, மூலக் கோப்பை மறுபடி திறந்தேன். உடனே இரண்டு தாளாகப் பிரித்துச் சேமித்தேன். பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் செய்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அந்தப் பட்டியலில் என் தம்பியும் இருந்தான். அம்மா போனபின் நான் தூக்கி வளர்த்தவன். ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணீர்தான் அவனுக்கு அளவு. ஒருநாள் குளியலறையில் சத்தம் கேட்டுப் போனேன். ஈரத் துண்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயதுப் பையன். என்னைப் பார்த்ததும் துண்டைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

பட்டியலில் அவனுக்கு நேர் மேலே பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர். ஒரே ரத்த வகை. டயாலிசிஸுக்கு வரும் நாட்களில் தம்பிக்கு ஜன்னலோரப் படுக்கையைப் பிடித்து வைப்பார்.

"எனக்கு மொதல்ல கெடைச்சா கோச்சுக்காதீங்கம்மா. அடுத்த வண்டி உங்க தம்பிக்குத்தான்," என்பார் சிரித்தபடி.

நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்த மனக்கசப்பும் இல்லை. அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு தம்பியின் கையில் ஊசி போடும் நரம்பு அடைத்துப்போனது. கழுத்தில் போட்ட குழாயில் சீழ் வைத்தது. மாற்று அறுவைப் பிரிவு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே குழாய் போட இடமே இல்லம்மா. சீக்கிரம் கெடைச்சா உண்டு," என்றார்.

அந்த மாதம் நான் கோப்பைப் பிரிக்கவில்லை. பெயர் வரிசையில் அடுக்கினேன். அகர வரிசையில் அடுக்குவது ஒன்றும் குற்றமில்லையே. தம்பியின் பெயர் உச்சிக்குப் போனது. வேன்காரரின் பெயர் கடைசி எழுத்துகளில் தொடங்குவது, கோப்பின் அடிக்குப் போனது. அப்படியே பழைய வடிவில் சேமித்தேன்.

அடுத்த வாரம் ஒரு சிறுநீரகம் வந்தது. பிரிவிலிருந்து டாக்டரம்மா போனில் கேட்டார்.

"வேன்காரருக்கு இந்த மாச டெஸ்ட் காணோமே. வந்துதா?"

"வரலை டாக்டர்."

"நல்லாப் பார்த்துச் சொல்லும்மா."

ஆய்வகம் அனுப்பிய மூலக் கோப்பு என் முன்னால் திறந்தேதான் இருந்தது. அவர் பெயர் தெரிந்தது. "பார்த்துட்டேன் டாக்டர். இல்லை," என்றேன்.

அன்று மாலையே தம்பியை உள்ளே கொண்டுபோனார்கள்.

வேன்காரரின் மனைவி என் மேசைக்கு வந்தாள். "அவரு ரத்தம் குடுத்தாருங்க. நான்தான் கூட வந்தேன்," என்றாள் திரும்பத் திரும்ப. நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சேமித்த கோப்பைத் திறந்து அவள் எதிரிலேயே பெயரைத் தேடிக் காட்டினேன். ஒன்றும் வரவில்லை. திரையை வெறித்துவிட்டு, "ஆளே இல்லாத மாதிரி காட்டுதே," என்றாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அவருடைய வரிசையை மட்டும் எடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். ஒரே ஒரு பெயர் காணாமல் போனால் யாரோ ஒருவரின் கை என்று தெரிந்துவிடும். வால் முழுக்க அறுந்தால் மென்பொருளின் கோளாறு. அதனால் அந்த எழுத்துகளில் பெயர் உள்ள எல்லாரும் கோப்பிலிருந்து போனார்கள். வேறு ரத்த வகைக்காரர்களும் குழந்தைகள் பிரிவும் அதில் உண்டு. அவர்களில் யார் யாருக்கு அந்த மாதம் முறை தவறியது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் தூக்கம் போய்விடும்.

தம்பி இப்போது சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறான். "வேன்காரண்ணன் எப்படிக்கா இருக்காரு?" என்று போன வாரம் கேட்டான். அவருக்கும் கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் நீங்கள் கெடுத்துவிடாதீர்கள்.

மற்றபடி, எல்லாம் செய்தது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று, மேடம். வரிசைகள் போய்விட்டன என்று சொன்ன அந்தப் பெட்டியில் 'சரி' என்று ஒரு பொத்தான்தான் இருந்தது. வேறு எதை நான் அழுத்தியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.