பந்து வராத பக்கம்

அக்குறணை பஸ்ஸில், மஹய்யாவையில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இருவர் கையிலும் ஹொக்கி மட்டை. ஒருத்தியின் மடியில் முகத்தையே மறைக்கும் பருத்த பை. மற்றவளுக்கு இரட்டைச் சடை.

"ரேணுவ இந்த மெச்சுக்கு இறக்க வேணாம்னு கோச் சேர்கிட்ட சொல்லிட்டேன்டி," என்றாள் பைக்காரி. "அவ டிபென்ஸ்ல நின்னா அந்தப் பக்கம் பந்தே வர மாட்டேங்குது."

நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"வராம இருக்கத்தானேடி டிபென்ஸ்?" என்றாள் சடைக்காரி.

"அவ ஓடவே மாட்டேங்கிறா."

"ஓடத் தேவையில்ல. பந்து எங்க வரும்னு தெரிஞ்சு முன்னாடியே போய் நின்னுக்கிறா."

"கடைசிக் கொஞ்ச நேரம் இறங்குற ஆளுக்கு இவ்வளவு பேச்சா?"

"முழு மெச்சும் விட்டுப் பாரு. அடுத்த வருசம் அவ இல்லாம நம்ம டீமே இல்ல. உனக்கு அது தெரியாதா?"

"தெரியும்."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. பைக்காரி பாலம் தாண்டும்வரை ஆற்றையே பார்த்திருந்தாள்.

"சனிக்கிழம மாகாண டீமுக்கு ஆள் எடுக்க வர்றாங்க. கோல்ல நிக்கிறது நான்தானே? ரேணு நின்னா ஒரு பந்துகூட எங்கிட்ட வராது. அவங்க எதப் பாத்து என்னைய எடுப்பாங்க?"

"மெச் தோத்துட்டா?"

"தோக்கட்டும். பந்து வரட்டும்."