மணி அடிக்கலன்னா எல்லாம் சரி

இல்ல ஹாஜி, லைட்டர் இல்ல இது. பென் டிரைவ். கம்ப்யூட்டர்ல சொருகறது. கைல வெச்சு உருட்டிக்கிட்டே வர்றேன்ல, அதான் உங்களுக்கு அப்படித் தோணிருக்கு. அந்த இனிப்புத் தட்டை மடிலயே வெச்சுக்கிட்டு வர்றீங்களே, தொடை மரத்துப்போகாதா? இப்படி நடுவுல வைங்க. மகளுக்கா? பெய்ரூத்லதான் கட்டிக் குடுத்திருக்கீங்களா. நல்லது.

மணி என்ன ஆச்சு? அஞ்சாக இன்னும் ஏழு நிமிஷமா. உங்க கடிகாரம் சரியாத்தான ஓடுது? டிரைவர் அண்ணே, கொஞ்சம் மிதிங்களேன். சிமெண்ட் லாரிக்குப் பின்னாடியே போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம். சரி சரி, உங்க வண்டி, உங்க இஷ்டம்.

அவசரம்தான் ஹாஜி. அவசரம்னா, அஞ்சு மணிக்கு அரசாங்கக் கரண்ட் போகும்ல, அதுதான் பயம். சிரிக்காதீங்க. கரண்டுக்கு யாராவது பயப்படுவாங்களான்னு நேத்துவரைக்கும் நானும்தான் கேட்டிருப்பேன். பேரா? பேரு அப்புறம் சொல்றேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றேன், பதினொரு வருஷமா. இந்த வடக்குப் பக்கத்துல பாதிக் கடைல ஓடறது நான் போட்ட லினக்ஸ்தான். காசு குடுத்து வாங்கற சிஸ்டம் இங்க யாருக்குக் கட்டுப்படியாகுது? இது இலவசம், பழைய பொட்டிலயும் ஓடும். அதனால என்னைக் கூப்பிடுவாங்க.

ஒரு ஆஸ்பத்திரி ஹாஜி. சின்னது, தர்மப் பணத்துல ஓடறது. ரெண்டாவது மாடில ஆறு பேர் ஆக்சிஜன்ல படுத்திருக்காங்க. கீழ பின்பக்கம் ஒரு தகரக் கொட்டாய்ல சிலிண்டர் ரெண்டு வரிசையா நிக்கும். ஒரு வரிசை தீர்ந்தா இன்னொண்ணுக்கு மாத்தணும். தானா மாத்திக்கற வால்வு ஒண்ணு இருந்துச்சு, கெட்டுப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு, ஸ்பேர் வரல. அதனால காவலாளி அபூ நஸீஹ் அரைமணிக்கு ஒரு தடவை இறங்கிப் போய் பிரஷர் மீட்டர் முள்ளைப் பாப்பாரு. முள்ளு சிவப்புக்கு வந்தா கையால திருப்பிவிடுவாரு. அறுபத்தஞ்சு வயசு, ரெண்டு முட்டியும் போச்சு. ஒவ்வொரு படிக்கும் ஒரு மந்திரியைத் திட்டிக்கிட்டே இறங்குவாரு. மந்திரி தீர்ந்துபோனா பழைய மந்திரிக்குப் போவாரு.

அதைப் பாத்துட்டுத்தான் நான் அந்தப் பொட்டியைச் செஞ்சேன். பேங்க் கிளை ஒண்ணு மூடினப்ப கவுண்டர்ல இருந்த சின்னச் சின்னக் கம்ப்யூட்டரையெல்லாம் எடைக்குப் போட்டாங்க. ஒரு தடிப் புத்தகம் சைஸ்தான் இருக்கும். ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது. அதுல ஒண்ணை எடுத்து லினக்ஸ் போட்டு, சிலிண்டர் குழாய்லேர்ந்து ஒரு ஒயர் இழுத்து, மாடில ஒரு மணியைக் கட்டிவிட்டேன். பிரஷர் இறங்கினா மணி அடிக்கும். அபூ நஸீஹ் அப்ப மட்டும் இறங்கினாப் போதும். ஸ்கிரீன் கூட வெக்கல, எதுக்கு வீணா கரண்டுன்னு. மணி அடிக்கலன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். அப்படித்தான் அவங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். நானே சொன்னேன்.

எட்டு மாசம் நல்லா ஓடுச்சு. ஓடினதால என்ன ஆச்சு, காவலுக்கு இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அபூ நஸீஹும் இப்ப முள்ளைப் பாக்கறதே இல்ல. மணிக்காகக் காத்துக்கிட்டு கேட்ல டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. மாடில நுஹாத் டீச்சர்னு ஒருத்தங்க, மூக்குல குழாயோட நாலு மாசமா இருக்காங்க. எனக்கே மூணாங்கிளாஸ்ல கணக்கு எடுத்தவங்க. என்னைப் பாத்தாப் போதும், டேய், நீ ஏழாம் வாய்ப்பாட்டுல நின்னவன்தானே, உன் கைலயா எங்க மூச்சைக் குடுத்திருக்காங்கன்னு கேப்பாங்க. இன்னிக்கும் கேட்டாங்க. மணி அடிக்கறப்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்ருச்சுன்னு நெனச்சு எந்திரிக்கறேன்டா, அதைக் கொஞ்சம் மெதுவா அடிக்க வையின்னாங்க. வெக்கறேன் டீச்சர்னேன்.

இன்னிக்குப் போனது டிஸ்க் மாத்த. பழைய டிஸ்க் சாகற மாதிரி இருந்துச்சு, புதுசு போட்டு சிஸ்டத்தையும் புதுசா ஏத்தணும். சாதாரண கம்ப்யூட்டர்னா அரைமணி நேர வேலை. இது பேங்க்காரன் பொட்டியாச்சே, அவனோட சிஸ்டத்தைத் தவிர வேற எதுவும் ஏறக்கூடாதுன்னே செஞ்சு வெச்சிருக்கான். ஏத்தினேன், நல்லா ஏறிச்சு. அணைச்சு ஆன் பண்ணினா கறுப்பு ஸ்கிரீன், மூலைல ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்குன்னு.

எப்படிச் சொல்றது. நோன்பு மாசத்துல விடியறதுக்கு முன்னாடி தெருத்தெருவா மேளம் அடிச்சுக்கிட்டுப் போய் எழுப்புவாருல்ல, அந்த மாதிரி கம்ப்யூட்டருக்குள்ளயும் ஒருத்தர் இருக்காரு. பூட்லோடர்னு பேரு. கரண்ட் வந்ததும் முதல்ல அவரு எந்திரிச்சு, உள்ள தூங்கற சிஸ்டத்தை எழுப்பணும். அவரு இல்லன்னா சிஸ்டம் முழுசா இருந்தும் பிரயோஜனமில்ல, தூங்கிக்கிட்டே கிடக்கும். இன்ஸ்டால் பண்றப்ப அவரு சரியா உக்காரல. அந்தப் பொட்டி அவரை ஒரே ஒரு இடத்துலதான் தேடும், ஒரே ஒரு பேருலதான் கூப்பிடும். சரின்னு இந்தப் பென் டிரைவ்லேர்ந்து ஆன் பண்ணி, உள்ள போய், கையாலேயே அவரை உக்கார வெச்சேன்.

மணி என்ன? ரெண்டு நிமிஷமா. ஹாஜி, ஜன்னல் பக்கம் அந்தக் கடைங்களைக் கொஞ்சம் பாத்துக்கங்க.

அதுல என்னன்னா, எங்க உக்கார வெக்கணும்னு நாமதான் சொல்லணும். டிஸ்க்குக்கெல்லாம் எழுத்து இருக்கும். 'ஏ'ன்னா உள்ள இருக்கற டிஸ்க், 'பி'ன்னா வெளிலேர்ந்து சொருகின பென் டிரைவ். பதினொரு வருஷமா அப்படித்தான். கை தானா 'ஏ' அடிக்கும், நீங்க தஸ்பீஹ் மாலை உருட்டற மாதிரி. அடிச்சேன். பிழை எதுவும் இல்ல, முடிஞ்சதுன்னு வந்துச்சு. ஆன் பண்ணினேன், எந்திரிச்சுது. இன்னொரு தடவை அணைச்சு ஆன் பண்ணினேன், எந்திரிச்சுது. மணியும் அடிச்சுப் பாத்தாச்சு. பென் டிரைவைப் பிடுங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

இருங்க, சொல்றேன். பிடுங்கினதுக்கு அப்புறம் ஒரு தடவை அணைச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. நம்ம ஊர்ல யாரு பாக்கறா? எந்த மெக்கானிக்கும் பாக்கமாட்டான். கரண்டே ஒரு நாளைக்கு நாலு தடவை போய் வந்து அந்த வேலையைச் செஞ்சிடும். வேலை முடிச்சு டீ குடிக்கறதுக்குள்ள கரண்ட் போகும், அரசாங்க லைன்லேர்ந்து ஜெனரேட்டருக்கு மாறும், நடுவுல பத்து செகண்ட் எல்லாம் அணைஞ்சு எந்திரிக்கும், அதைப் பாத்துட்டுக் கிளம்புவோம். அதுதான் வழக்கம். இன்னிக்குக் காலைல பதினோரு மணிக்கு வந்த கரண்ட் போகவே இல்ல. ஆறு மணி நேரம். நான் பொறந்ததுலேர்ந்து இப்படிப் பாத்ததில்ல. ஆஸ்பத்திரியே சந்தோஷமா இருந்துச்சு, லிஃப்ட்ல சும்மா ஏறி இறங்கினாங்க.

நான் ஒரு தடவை அணைச்சுப் பாக்கறேன்னு வாயைத் திறந்தேன். ஹெட் நர்ஸ் ரபாப் விடல. நீ ஒவ்வொரு தடவை அணைக்கறப்பவும் நான் அபூ நஸீஹைக் கீழ நிக்க வெக்கணும், அவரு நான் பொறந்ததுலேர்ந்து இருந்த எல்லா மந்திரியையும் திட்டறாரு, போதும், ஓடறதை ஓட விடுன்னா. எனக்கும் பசி. சரின்னுட்டேன்.

அந்தப் பொட்டில எழுத்து தலைகீழ் ஹாஜி. பேங்க்காரன் உள்ள டிஸ்க்கை ஏதோ சுத்து வழில இணைச்சு வெச்சிருக்கான். முதல்ல அதுக்குத் தெரியறது பென் டிரைவ். அங்க 'ஏ'ன்னா பென் டிரைவ், 'பி'ன்னாதான் உள்ள இருக்கற டிஸ்க். நான் உக்கார வெச்ச ஆளு பொட்டிக்குள்ள இல்ல. இதோ, என் கைல இருக்காரு.

ஓடறப்ப ஒண்ணும் ஆகாது. ஒரு தடவை எந்திரிச்சா ஓடிக்கிட்டேதான் இருக்கும். அணைஞ்சாத்தான். பேட்டரியா? இருந்துச்சு, செத்துப்போச்சு, அடுத்த மாசம் வாங்கித் தர்றேன்னாங்க.

ஆங். பாத்தீங்களா.

அந்த மளிகைக் கடை, அந்த டயர் கடை, எலுமிச்சை ஜூஸ் போர்டு, எல்லாம். போயிடுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்ப அங்கயும் போயிருக்கும், இந்தக் கடலோரம் பூரா ஒரே லைன்தான். எட்டு, ஒன்பது. பாருங்க, ஜெனரேட்டர் வந்துடுச்சு, எல்லாக் கடைலயும் லைட்டு வந்துடுச்சு. மாடிலயும் லைட்டு வந்திருக்கும். டிவி பாடும். ரபாப் தலையைக்கூடத் திருப்பிருக்கமாட்டா. பொட்டில ஒரு சின்ன பச்சை லைட்டு இருக்கும், அதுவும் எரியும், கரண்ட் இருக்கறவரைக்கும் அது எரியும். உள்ள யாரும் இல்ல. மணி அடிக்காது. மணி அடிக்கலன்னா எல்லாம் சரின்னு உக்காந்திருப்பாங்க.

சிலிண்டரா? மத்தியானம் மாத்தினாங்க. ஆறு பேரு இழுக்கறாங்க, ஆறரை ஏழுக்குத் தீரும். முன்னாடியும் தீரலாம். குளிர் நாள்ல டீச்சருக்கு அதிகமா வெப்பாங்க. கட்டில் பக்கத்துல இருக்கற மெஷினும் கத்தும்தான், சின்னதா கத்தும், ரெண்டு கதவு தாண்டி டிவி சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

தண்ணி இருந்தாக் குடுங்க.

போன் அடிக்கலாமேன்னா? சார்ஜ் இல்ல ஹாஜி. அப்பவே போச்சு. முன்னாடியே அடிச்சேன், ரிசப்ஷன்ல எடுக்கல. அங்க எப்பவும் எடுக்கமாட்டாங்க.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லட்டுமா. போன வருஷம் அதே ஆஸ்பத்திரில லிஃப்ட் நின்னுபோச்சு. அன்னிக்கு ஒரு பெரியவர் இறந்தாரு. லிஃப்ட்டுக்கும் அவரு இறந்ததுக்கும் சம்பந்தமே இல்ல, டாக்டரே எழுதிக் குடுத்தாரு. சாயங்காலம் அவரோட அண்ணன் பசங்க ரெண்டு வண்டில வந்தாங்க. டாக்டரை விட்டுட்டாங்க, டாக்டருக்கும் குடும்பம் இருக்கு, பெரிய குடும்பம். லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் அர்மான், அவனுக்கு இந்த ஊர்ல யாரும் இல்ல. அவன் கடைக்குப் போனாங்க. இன்னிக்கும் அவன் கம்பு ஊனித்தான் நடக்கறான். அதுவும் சம்பந்தமே இல்லாத ஒண்ணுக்கு. இது அப்படி இல்லையே. இது நான் அடிச்ச ஒரு எழுத்து.

எனக்கும் யாரும் இல்ல ஹாஜி. அக்கா ஒருத்தி ஸ்வீடன்ல இருக்கா. ஆறு பேரு அங்க. ஆறு பேருக்கும் எத்தனை அண்ணன் பசங்க இருப்பாங்கன்னு எண்ணிப் பாத்தேன், தாண்டி வந்தோமே ஒரு பாலம், அதுலேர்ந்து எண்ணிக்கிட்டே வந்தேன். டீச்சருக்கு மட்டும் யாரும் கிடையாது, கல்யாணமே பண்ணிக்கல. ஆனா ஊர் பூரா அவங்ககிட்டப் படிச்சவன்தான்.

அண்ணே, ஏன் மெதுவாக்கறீங்க? செக்போஸ்ட்டா. கார்டு எடுக்கணுமா? எடுக்க வேணாமா. போங்க, போங்க.

என்ன கேட்டீங்க? எங்க இறங்கணும்னா? ஜூனியேவா, தோராவான்னா?

ரெண்டும் இல்ல ஹாஜி. ஆஸ்பத்திரி திரிப்போலில இருக்கு. பின்னாடி. நீங்க ஷெக்கால ஏறினீங்கல்ல, அதுக்கு முன்னாடியே தாண்டி வந்தாச்சு. கேட்டுக்கு வெளில நின்னு சிகரெட்டுக்குப் பாக்கெட்ல கை விட்டேன், இது விரல்ல தட்டுச்சு. சூடா இருந்துச்சு. பிடுங்கி ஒரு மணி நேரம் ஆகுது, சூடு இருக்க வழியே இல்ல, ஆனா எனக்கு அப்படித்தான் தோணுச்சு. அங்கேயே எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு, ஏ எது, பி எதுன்னு. கேட் என் முதுகுக்குப் பின்னாடி இருபது அடில. அபூ நஸீஹ் டீ டம்ளரைத் தூக்கிக் காட்டி, வர்றியா, ஒரு வாய் குடிக்கறியான்னு கேக்கறாரு. இந்த வண்டி ஹார்ன் அடிச்சுது. பெய்ரூத்துக்கான்னு கேட்டு ஏறிட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க. திரும்பிப் போறதா? வண்டி திரும்பினாலும் இந்த நெரிசல்ல ஆறரைக்கு முன்னாடி போய்ச் சேராது. அதுவும் பொய். சேரும். நான் இறங்கமாட்டேன். கால் வரமாட்டேங்குது ஹாஜி, அவ்வளவுதான்.

போன்ல சார்ஜ் இருக்கு. நான்தான் அணைச்சு வெச்சிருக்கேன். யாருக்கும் அடிக்கவும் இல்ல. என் குரல் அபூ நஸீஹுக்கு நல்லாத் தெரியும். நான் வாயைத் திறந்தா, ஏன்டா, என்னடா பண்ணினேன்னு கேப்பாரு, நான் சொல்லிடுவேன், அவரு ரபாப்கிட்ட சொல்லுவாரு, ராத்திரிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். வேற ஒரு குரல் சொன்னா, கீழ போய் முள்ளைப் பாருங்க, இனிமே அரைமணிக்கு ஒரு தடவை பாருங்க, மணியை நம்பாதீங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டா, அவரு திட்டிக்கிட்டேயாவது இறங்கிப் போவாரு. யாரு பேசினதுன்னு யோசிச்சுக்கிட்டே இறங்குவாரு.

அதுக்குத்தான் ஹாஜி நீங்க ஏறினதுலேர்ந்து உங்ககிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டு வர்றேன். உங்க சட்டைப் பைல போன் இருக்கறதைப் பாத்துட்டுத்தான் பக்கத்துல நகந்து உக்காந்தேன். நல்லவேளை, என் பேரைச் சொல்லல. எடுங்க. அபூ நஸீஹோட நம்பர் எனக்கு மனப்பாடம்.