மாப்பிள்ளை மேல் விழுந்த மஞ்சள்

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கோலசிலாங்கூரில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக, சாயக் குண்டு சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் திடலில் துப்பாக்கிகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. ஆட்டம் முடிந்ததும், "குழாய்க்கு உறை மாட்டு, காத்துப் புட்டியக் கழட்டு, குண்டக் கொட்டு, அப்புறம் பையில வை" என்று தொண்டை வறளக் கத்துவேன். "சீலன் அண்ணே ஆரம்பிச்சிட்டாருலா" என்று இளவட்டங்கள் சிரிக்கும். சிரிக்கட்டும். கண் போனால் யார் கொடுப்பது?

வீட்டில் நானும் தங்கை உஷாராணியும் மட்டும்தான். அவள் வைக்கும் நெத்திலி சம்பலுக்கு ஈடு கிடையாது. என் சட்டையில் ஒட்டிய சாயத்தை அவளைப் போல் துவைத்தெடுக்க யாராலும் முடியாது. அருமை தெரியாதவன் கையில் அவளைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். முன்பு சபாக் ஊரிலிருந்து பெண் பார்த்துப் போன மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது என்று சொன்னது நான்தான். அவளுக்குத் தலைவலிகூட வந்ததில்லை. அந்த இடம் தட்டிப்போனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சம்பலில் உப்பு கூடிவிட்டது.

போன மாதம் ராசா என்ற ஊரிலிருந்து குமரவேல் வீட்டார் நிச்சயம் பண்ண வந்தார்கள். பையனின் அம்மா புஷ்பவள்ளி சகுனம் பார்ப்பதில் பேர்போனவர். பூனை குறுக்கே போனால் காரையே திருப்பிவிடுவாராம். வாசலேறும் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் இரத்தச் சிவப்பு விழுந்தால் அந்தம்மா ஒரு நிமிடம் நிற்பாரா? முந்தின நாளே திடலிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியில் சிவப்புச் சாயக் குண்டுகளைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் மாடிச் சன்னலில் மறைந்து நின்று, முகத்தை விட்டுவிட்டுத் தோளைக் குறிபார்த்துச் சுட்டேன். நான் ஒன்றும் அரக்கன் இல்லை.

"ஐயோ அம்மா!" என்று குமரவேல் தோளைப் பிடித்தான். விரலெல்லாம் மஞ்சள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே புஷ்பவள்ளியின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. "எந்த வானரம் சுட்டுச்சோ, நாசமாப் போக. ஆனா பாருங்க, வாசப்படியிலேயே மஞ்சளு! மங்களம் தானா வந்து விழுந்திருக்கு. இன்னைக்கே தட்ட மாத்திருவோம்."

மாற்றிவிட்டார்கள். தையில் கல்யாணம்.

அவர்கள் கிளம்பியதும் உஷாராணி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "நேத்து கட்டிலடியில கூட்டுறப்போ பாத்தேண்ணே. குண்டோட இருந்துச்சு. வீட்டுக்கு வந்தா குண்டக் கொட்டிரணும்னு நீதானே ஊருக்கே பாடம் எடுப்ப? சிவப்பக் கொட்டிட்டேன்." ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "உன் பையில இருந்த மஞ்சளப் போட்டேன். சபாக்குக்குப் போன் பண்ணது யாருன்னும் எனக்குத் தெரியும்."

அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை. ஊரார்தான் தப்பாக நினைக்கிறார்கள். கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டாமல் துப்பாக்கியில் கை வைத்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.